பூட்டிய வீட்டில் யாரோ குளிக்கிறார்கள்

அத்தியாயம் 3

கக்கூஸ் கிண்ணத்துக்குள் தலையை நீட்டி மணம் பார்க்கும் துப்பறிவாளரை நீங்கள் எந்த நாவலிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு அந்தப் பாக்கியம் காலையிலேயே கிடைத்தது. அந்தத் துப்பறிவாளர்தான் எனக்குச் சம்பளம் தருபவர் என்பதால் முகத்தைத் திருப்பவும் முடியவில்லை.

"மிச்ச நாளா இதை யாரும் பாவிக்கல்ல," என்று நிமிர்ந்து முக்காட்டைச் சரிசெய்தார் சஹ்லா அக்கா. "தண்ணி வத்தி ஓரத்தில மஞ்சள் கோடு விழுந்து ஈக்கி. ராகுலன், வந்து பாருங்கோ."

"வேண்டாமக்கா. இப்பதான் இடியப்பம் சாப்பிட்டனான். அது உள்ளயே இருக்கட்டும்."

சஹ்லா அக்காவின் தொழில் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. கனடாவில் எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்பவன் அங்கே என்னதான் செய்கிறான், அவனுக்கு ஏற்கெனவே பெண்சாதி உண்டா என்பதையெல்லாம் வெள்ளவத்தையில் இருந்தபடியே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். நான் அவருடைய உதவியாளன், ஸ்கூட்டர் சாரதி, தேவைப்பட்டால் மாப்பிள்ளையின் பழைய பள்ளித் தோழன். ஆனால் இந்தமுறை கேஸ் மாப்பிள்ளை அல்ல, தண்ணீர்.

கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் நிற்கிறது அந்த ஆறு மாடிக் கட்டடம். ஐந்தாம் மாடியில் 5B வீட்டுக்காரி உஷாந்தி லண்டனில் இருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது. வெள்ளவத்தையில் பாதி வீடுகளுக்குப் பூட்டிக் கிடப்பதுதான் முழுநேர உத்தியோகம், அதில் அதிசயம் இல்லை. ஆனால் கட்டடக் கமிட்டி மாதாமாதம் அனுப்பும் தண்ணீர்க் கணக்கில் 5B-க்கு நேரே பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் சில மாதங்களாக வேறு இலக்கங்கள் வந்தன. ஆளில்லாத வீடு தண்ணீர் குடிக்கிறது. உஷாந்தி வாட்ஸ்அப்பில் சஹ்லா அக்காவைப் பிடித்துவிட்டார்.

எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் உஷாந்தியின் மூத்த சகோதரி நேசமலர். ஆறாம் மாடியில் குடியிருக்கிறார். அவருடைய கணவர் சிவபாதசுந்தரம்தான் கமிட்டித் தலைவர். தலைவர் பெயருக்குத்தான். தீர்மானம் எழுதுவதும் ஆட்களைக் கூட்டுவதும் கை உயர்த்த வைப்பதும் நேசமலர் அம்மாதான்.

"இதுக்கு லண்டனில இருந்து துப்பறிவாளர் பிடிக்கத் தேவையில்லைப் பிள்ளை," என்றார் அவர் வாசலில் நின்றபடி. "எல்லாம் அந்தச் செல்லையான்ர வேலை. இண்டைக்குப் பின்னேரம் கூட்டம். ஆளையும் நிப்பாட்டி அறையையும் எடுக்கிறதெண்டு தீர்மானம் எழுதியாச்சு."

செல்லையா அந்தக் கட்டடத்தின் காவலாளி. தண்ணீர் மோட்டர் போடுவதும் குப்பை இறக்குவதும் அடைத்த சாக்கடையைக் குத்துவதும் அவர்தான். கீழே மோட்டர் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். வேலை போனால் அதுவும் போகும். அறுபதைத் தாண்டிய மனுசன் பிறகு எங்கே படுப்பார் என்பதைத் தீர்மானத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

"செல்லையா அப்பிடி என்ன செஞ்ச?" என்று கேட்டார் சஹ்லா அக்கா.

"சொல்லவே எனக்கு வாய் கூசுது," என்று தொடங்கிய நேசமலர் அம்மா, துளியும் கூசாமல் நெடுநேரம் சொன்னார். செல்லையாவிடம் அவசரத்துக்கென்று இந்த வீட்டின் மாற்றுச் சாவி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சோடிகளுக்கு மணிக்கணக்கில் வீட்டை வாடகைக்கு விடுகிறார். அதுதான் அம்மாவின் கட்சி. சாட்சி, அடுத்த வீட்டு ராசிக் நானா. பட்டப்பகலில் இந்தக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறார். கூடவே ஓர் ஆணின் முனகலையும்.

"முனகல் எண்டா எப்பிடியான முனகல் அம்மா?" என்றேன், முழுக்க முழுக்க விசாரணை நோக்கத்தோடு.

"சீ! போம் அங்கால!"

சஹ்லா அக்கா இதற்குள் குசினிக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாயைத் தட்டினார். "இந்த வளைவில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கோணும். வத்தினா சாக்கடை மணமும் கரப்பானும் மேல வரும்." சொல்லி முடிக்க முன்னரே தொட்டித் துளையிலிருந்து ஒரு கரப்பான் எட்டிப் பார்த்து, எங்களைப் பிடிக்காமல் திரும்பிப் போனது.

குளியலறை மட்டும் வேறு தேசமாக இருந்தது. தரை மினுங்கியது. மூலையில் பாதி தேய்ந்த சந்தனச் சவுக்காரம். சஹ்லா அக்கா தண்ணீர் போகும் துளையின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரு முடி கூட இல்ல."

"கூட்டிக் கழுவியிருப்பினம் அக்கா."

"மூடிக்கு அடியிலயுமா? சரி, இப்ப செல்லுங்கோ பாப்பம். யாரோ வாற. சமைக்கிறல்ல. கக்கூசுக்குப் போறல்ல. குளிச்சிட்டு மட்டும் போற. யாரு?"

"பேயாத்தான் இருக்கோணும். ஆனா பேய்க்கும் இவ்வளவு ஒழுக்கம் வராது."

"சோடியா ஈக்காதா?" என்று என்னையே கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டினார். "ரெண்டு பேர் மணிக்கணக்கில இங்க இருந்து, சோத்துப் பார்சல் தாள் ஒண்டு விழல்ல, பொம்புளட முடி ஒண்டு விழல்ல, ஒரு தரம் கக்கூசுக்குப் போகல்ல. அது காதல் இல்ல ராகுலன், நோன்பு."

நேசமலர் அம்மா சிரிக்கவில்லை. அவர் மனதில் செல்லையா ஏற்கெனவே பெட்டியோடு தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

கீழே இறங்கினோம். செல்லையா குப்பை வாளிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பச்சை வாளியில் பழுதாகும் குப்பை, மற்றதில் பிளாஸ்டிக். பிரிக்காமல் கொடுத்தால் மாநகர சபை லொறிக்காரர் தொடவே மாட்டார்கள். அதனால் மேல் மாடிக்காரர் கலந்து கட்டி அனுப்புவதையெல்லாம் செல்லையாதான் உட்கார்ந்து பிரிப்பார். ஆறு மாடியில் யார் வீட்டில் என்ன கறி என்று அவருக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய போன் அடித்தது. காதில் வைக்காமல் உள்ளங்கையில் வைத்துப் பேசினார். மூன்றாம் மாடி அம்மா ஒருத்தி தன் குளியலறையில் என்ன அடைத்துக்கொண்டது என்பதை ஊருக்கே கேட்க விவரித்தாள்.

"காதுல வச்சா கேக்காதுங்க," என்றார் செல்லையா வெட்கத்தோடு. "ஸ்பீக்கர்ல போட்டாத்தான் பேசும். தண்ணியில விழுந்ததுலேருந்து அப்படி."

"அஞ்சு பி-யில இருந்து குப்பை எறங்குறதா?" என்று கேட்டார் சஹ்லா அக்கா.

"ஒரு வாழைப்பழத் தோல் கூட எறங்கல்லம்மா. நான்தானே எறக்குறேன்."

"அந்த வீட்டுச் சாவி?"

செல்லையா வாளியின் மூடியை இல்லாத அழுக்குக்காகத் துடைத்தார். "தொலஞ்சி போச்சும்மா."

"எப்ப?"

"தெரியல."

"யாருக்குக் குடுத்தீங்க?"

செல்லையா மூடியை வாளியில் வைத்து அழுத்தினார். பிறகு, "கூட்டத்துல அவங்க என்ன முடிவு எடுக்குறாங்களோ எடுக்கட்டும்," என்றார். "நீங்க மீட்டரப் பாக்கணும்னு சொன்னீங்களே, வாங்க."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டி மீட்டர் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வால்வு. அதைத் திருகினால் அந்த வீட்டுக்கு மட்டும் தண்ணீர் நிற்கும். 5B-யின் மீட்டர் அப்போது ஆடாமல் அசையாமல் நல்ல பிள்ளையாக நின்றது. எங்களைப் போலவே அதுவும் யாருக்கோ காத்திருந்தது.

திரும்பி இறங்கியதும் சஹ்லா அக்கா வளவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மதில் மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய், கீழே சீமெந்துத் தரை, மேலே சிறிய தகரக் கூரை. அந்த இடம் முழுக்க அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"பேப்பர் எடுக்குற லொறி மூணு வாரமா வரல்லைங்க," என்றார் செல்லையா. "மழை படாத எடம் இது ஒண்ணுதான்."

அட்டைகள் அப்பளம் போலக் காய்ந்திருந்தன. நான் ஒன்றின்மேல் உட்கார்ந்து பார்த்தேன். நொறுங்கியது. செல்லையா என்னைப் பார்த்த பார்வையில் உடனே எழும்பிவிட்டேன்.

"அந்தாள் பொய் சொல்லுறார் அக்கா," என்றேன், கேற்றடிக்கு வந்ததும். "சாவி துலையேல்லை."

"பொய்தான். ஆனா தன்னைக் காப்பாத்திக்கொள்ற ஆள் இதைவிட நல்ல பொய் செல்லும். இது வேற யாருக்காகவோ செல்ற பொய்." அவர் யோசித்தார். "இந்த விசயத்தில ஒருத்தர் மட்டும் வாயே திறக்கல்ல. கமிட்டித் தலைவர். எங்க அவர்?"

நேசமலர் அம்மாவிடம் கேட்டோம். "அவர் பொரளைக்குப் போட்டார். கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் போறவர்."

"ஏனம்மா, உடம்புக்கு ஏலாதோ?" என்றேன். பொரளை என்றால் எனக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும்.

"அவருக்கென்ன, கல்லுப்போல இருக்கிறார். கூட்டத்துக்கு வந்திடுவார்." தலைவர் போனை நிறுத்தி வைத்திருந்தாராம். சஹ்லா அக்கா என்னை ஸ்கூட்டரில் அனுப்பினார். நான் கேற்றைத் தாண்டும்போது செல்லையா மெல்லச் சொன்னார், "ஆஸ்பத்திரியில தேடாதீங்க தம்பி. மலர்ச்சாலையில பாருங்க."

மலர்ச்சாலையில் கண்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அவற்றைவிட அதிகமாகப் பளபளக்கும் தலை. பிரேதத்துக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சிவபாதசுந்தரம் ஐயா இரங்கல் உரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னாரை நான் ஒரேயொரு தடவைதான் சந்தித்திருக்கிறேன். அதுவும் பேருந்தில். இருந்தாலும்..."

இருந்தாலும் என்பதற்குப் பிறகு நீண்ட உரை வந்தது. கேட்டவர்கள் உண்மையாகவே அழுதார்கள். பக்கத்தில் நின்றவர் எனக்கு விளக்கினார். ஐயா எந்தச் செத்த வீட்டையும் விடுவதில்லையாம். நல்லதுக்குச் சொன்னால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டதும் போக வேண்டும் என்பது ஐயாவின் கொள்கை. ஆளில்லாத செத்த வீடு என்றால் முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போவாராம். நான் செத்தால் இவருக்குத் தகவல் போக வேண்டும் என்று அப்போதே முடிவுசெய்தேன்.

உரை முடிந்ததும் பக்கத்தில் போய் விசயத்தைச் சொன்னேன்.

"செல்லையா என்ன சொன்னவன்?" என்று கேட்டார் ஐயா.

"சாவி துலைஞ்சு போச்சாம்."

"வேறொண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை ஐயா."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. பஸ்ஸில் ஒருமுறை பார்த்தவருக்காகவா இவ்வளவு என்று எனக்கு மரியாதை கூடியது. "நீர் போம் தம்பி. நான் கூட்டத்தில கதைக்கத்தான் இருக்கிறன்," என்றார்.

திரும்பும் வழியில் திம்பிரிகஸ்யாயச் சந்தியில் என் ஸ்கூட்டர் மூச்சை விட்டது. அதை உதைத்து, கெஞ்சி, மறுபடி உதைத்து உயிர்ப்பித்துக்கொண்டிருந்தபோது ஐயாவின் த்ரீவீலர் என்னைக் கடந்து போனது. நான் கட்டடத்தை அடைந்தபோது அதே த்ரீவீலர் பின்பக்க ஒழுங்கையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது. குப்பை வாளிகளை இழுத்துக்கொண்டு போகும் கதவு இருக்கும் ஒழுங்கை அது. தலைவர் ஏன் குப்பைக் கதவால் வருகிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். என் மூளை அதற்குமேல் ஓடவில்லை. அதற்கும் பெற்றோல் தீர்ந்திருந்தது.

முன் கேற்றைத் திறந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு ஆறு மாடியிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ராசிக் நானா, சாட்சி என்ற பெருமையோடு முன்வரிசையில். செல்லையா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேசமலர் அம்மா கையில் தீர்மானம்.

"எங்க போட்டு வாறீர் தம்பி? அவரைக் கண்டனீரோ?"

"ஓம் அம்மா. மலர்ச்சாலையில..."

"நில்லும் அங்க!"

பொலிஸ்காரன்கூட என்னை அப்படி நிறுத்தியதில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றேன்.

"காலை வெளியில எடும்! குளிக்காமக் கொள்ளாம வாறார்! வீட்டில ஒண்டும் சொல்லித் தரேல்லையோ?"

நான் காலை எடுத்தேன். என்மேல்தான் பிழை. எனக்குத் தெரியாததா? கேற்றுக் கம்பிகளுக்கு வெளியே நல்ல பிள்ளையாக நின்றுகொண்டேன். சஹ்லா அக்கா மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன நடந்த? ஏன் அவர் உள்ளுக்கு வரப்படாது?"

"செத்த வீட்டுத் துடக்கு அக்கா," என்றேன். "எங்கட ஆக்கள் செத்த வீட்டுக்குப் போனா குளிக்காம வீட்டுக்குள்ள போறேல்லை. வளவு இருக்கிற வீடெண்டா வெளியில கிணத்தடியில குளிச்சிட்டுத்தான் படி ஏறுறது."

"இங்க கிணறு இல்லையே?"

"அதுதான் நாங்கள் குழாயடி வைச்சிருக்கிறம்," என்றார் நேசமலர் அம்மா பெருமையோடு. "எங்கட அவர் எத்தினை செத்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கீழ்க் குழாயில குளிச்சுத் துவைச்சிட்டுத்தான் லிப்டில ஏறுவார். கலியாணம் கட்டின நாளில இருந்து நான் பழக்கி வைச்சிருக்கிறன்."

சஹ்லா அக்கா மெல்ல மதில் மூலைக்கு நடந்தார். குழாயடியை நிறைத்திருந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றைத் தொட்டார். அடியில் இருந்த ஒன்றையும் தொட்டார். பிறகு கேற்றடிக்கு வந்தார்.

"கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் ஒரு ஆள் குளிக்கிற இடம், ராகுலன். மூணு வாரமா அட்டை காஞ்சு போய் ஈக்கி."

என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன். சமைக்காத, கக்கூசுக்குப் போகாத, ஒரு முடியும் உதிராத பேய்! உதிர்வதற்குத் தலையில் ஏதாவது இருந்தால்தானே! இந்த வழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாத இந்த மனுசி, 'ஏன்' என்று ஒரேயொரு வார்த்தை கேட்டே பிடித்துவிட்டார்.

"ஐயா வந்துட்டாரா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"குப்பைக் கதவால. இப்பதான்."

"சவுக்காரம் போட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"தலைமயிர் இல்லாத ஆக்களுக்குக் கெதியா முடிஞ்சிடும் அக்கா."

அடுத்த நிமிடம் அவரைக் காணவில்லை.

கூட்டம் தலைவர் இல்லாமலேயே தொடங்கியது. நேசமலர் அம்மா தொண்டையைச் செருமி வாசித்தார். நம்பிக்கைத் துரோகம், கட்டடத்தின் மானம், ஒழுக்கக்கேடு என்று பெரிய பெரிய சொற்கள். செல்லையா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் அவர்மேல் விழுவதைக் கம்பிகளுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். லிப்டிலிருந்து வெளியே வந்த சஹ்லா அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் பொறு என்றார். அவர் கைகளில் துருக்கறை படிந்திருந்தது.

"ஆட்சேபனை உள்ளவை கை உயர்த்துங்கோ," என்றார் நேசமலர் அம்மா.

ஒரு கையும் எழவில்லை. செல்லையாவின் போன் அடித்தது.

அவர் நிறுத்தப் பார்த்தார். பழைய போன், பழைய விரல். அழுத்தியது பச்சை.

"செல்லையா! தண்ணி நிண்டுபோச்சப்பா!"

குளியலறைக்குள் நின்று பேசும் குரல். தலைவரின் அதே மேடைக் குரல், கொஞ்சம் எதிரொலியோடு வாகனத் தரிப்பிடம் முழுக்க ஒலித்தது. நேசமலர் அம்மாவின் கையில் தீர்மானம் நின்ற இடத்திலேயே நின்றது.

"ஐயா, அப்புறமா பேசுறேன்..."

"அப்புறமா எண்டா எப்பிடி? முகம் முழுக்கச் சவுக்காரம், கண் திறக்க ஏலாது. மேல ஓடிப்போய் அஞ்சு பி வால்வைப் பாரப்பா!"

"ஐயா, இங்க எல்லாரும்..."

"தெரியும், கூட்டம். நீ ஒண்டும் கதையாத. குளிச்சிட்டு வந்து நான்தான் எண்டு நானே சொல்லுறன். இவ்வளவு நாளும் வாய் திறக்காம இருந்தது என்ர கோழைத்தனம். உன்ர அறையில ஒருத்தரும் கைவைக்க நான் விடமாட்டன். ஆனா சவுக்காரத்தோட வந்து சொல்ல ஏலாதுதானே? கெதியாப் போ. நான் தேவாரம் பாடிக்கொண்டு நிக்கிறன்."

பாடினார். உரைக்கு இருந்த குரல் பாட்டுக்கு இல்லை. எங்கோ அடித்தொண்டையில் புறப்பட்டு, மூக்கில் மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது வேறெதுவோவாக வந்தது.

ராசிக் நானா கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "இதுதான்! அல்லாஹ்வே, இந்த முனகல்தான்!"

செல்லையா ஒருவழியாகப் போனை நிறுத்தினார். சிரிக்க நினைத்தவர்கள் நேசமலர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார்கள்.

"துடக்கோட லிப்டில ஏறி," என்றார் அவர் மெல்ல. "துடக்கோட என்ர தங்கச்சி வீட்டுக்குள்ள... இவ்வளவு நாளும்! இந்த லிப்டை இனி ஆர் கழுவுறது?"

"அம்மா, ஐயாவ ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் செல்லையா. அன்று முழுக்க அவர் குரல் அவ்வளவு உறுதியாக ஒலித்ததை நான் கேட்கவில்லை. "சாவிய நான்தான் குடுத்தேன். நான்தான் அங்க போய்க் குளிங்கன்னு சொன்னேன்."

"நீயோ? ஏன்?"

"போன வருசம் என் பொஞ்சாதி செத்தப்ப, ஜிந்துப்பிட்டியில ஒத்த அறை வீட்டுல வச்சிருந்தோம். ஐயா வந்தாரு. அவளப் பத்திப் பேசினாரு. அவளுக்காக ஒருத்தர் எழும்பி நின்னு பேசினது வாழ்க்கையில அது ஒண்ணுதாம்மா. திரும்பி வந்து இந்தக் குழாயடியில குளிச்சாரு. எதிர்ல ரியூசனுக்கு வர்ற பிள்ளைங்க மதிலுக்கு மேலால போன்ல படம் புடிச்சிச் சிரிச்சிச்சுங்க. எவ்வளவு பெரிய மனுசன், ஈர வேட்டியோட கூனிக்கிட்டு நின்னாரு. என் வீட்டுச் சாவுக்கு வந்ததுக்குத்தானே அவருக்கு அந்த அவமானம்? எனக்குப் பொறுக்கல. சாவியக் கையில குடுத்துட்டேன்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே!" என்றார் ராசிக் நானா.

"சொன்னா அம்மாக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் ஐயா செத்த வீட்டுக்கே போகமாட்டாரு." செல்லையா கதிரைகளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் சங்கடம். "அன்னைக்கு இந்தக் கட்டடத்துலேருந்து அவரு ஒருத்தர்தாங்க வந்தாரு."

ஆறு மாடியும் தரையைப் பார்த்தது. சஹ்லா அக்கா துருக்கறையை முக்காட்டு நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல முக்காடு அது.

நேசமலர் அம்மா தீர்மானத்தை நாலாக மடித்தார். மதில் மூலைக்குப் போனார். பச்சை வாளியைக் கடந்து, பிளாஸ்டிக் வாளியைக் கடந்து, குழாயடி அட்டைப்பெட்டிகளின்மேல் அதை வைத்தார். இத்தனை வருடத்தில் அந்த அம்மா குப்பையைச் சரியான இடத்தில் போட்டது அதுதான் முதல் தடவை என்று செல்லையா பிறகு என்னிடம் சொன்னார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய் செல்லையா?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. அதட்டி மறைத்தார். "ஓடிப்போய் வால்வைத் திற. அந்த மனுசனுக்குக் கண் எரியப் போகுது."

செல்லையா ஓடினார்.

கதிரைகள் கலைந்தன. ஆட்கள் ஒவ்வொருவராக லிப்டை நோக்கிப் போய், அதன் வாசலில் தயங்கி, படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். நான் கம்பிகளுக்கு வெளியே அதே இடத்தில் நின்றேன்.

"அம்மா, அப்ப நான்?"

நேசமலர் அம்மா என்னைப் பார்த்தார். அட்டைப்பெட்டிகளால் நிறைந்த குழாயடியைப் பார்த்தார். எதிர் மதிலுக்கு மேலே ரியூசன் பிள்ளைகளின் தலைகள் இரண்டு மூன்று ஏற்கெனவே தெரிந்தன. பெருமூச்சு விட்டார்.

"அவர் முடிச்சாப்பிறகு நீரும் அஞ்சு பி-யில குளியும்," என்றார். "ஆனா படியால போம். இன்னொரு தரம் என்னால லிப்ட் கழுவ ஏலாது."